வன்தட்டில் பிழையா? முதலில் பிரதி எடுங்கள், பிறகு பழுது பாருங்கள்

பிறப்புப் பத்திரம் தொலைந்துவிட்டால் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் மறுபிரதி கேட்கலாம். அடையாள அட்டை தொலைந்தாலும் புதியது எடுக்கலாம். ஆனால், இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட தோட்டத்தில், லயத்து வாசலில் தாத்தாவும் பாட்டியும் நின்று எடுத்துக்கொண்ட படம் தொலைந்தால் எந்த இலாகாவும் மறுபிரதி தராது.

சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று பேராக் மாநிலத்தின் பல பக்கங்களிலும் தோட்டங்களை விட்டுக் குடும்பங்கள் வெளியேறிவிட்டன. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பிள்ளைகள் சிதறி வாழ்கிறார்கள். பழைய படங்களை யாரோ ஒருவர் ஸ்கேன் செய்து வைத்திருப்பார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாக் காணொளி, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், ஆலய நிர்வாகக் கணக்கு எல்லாம் அவர் வீட்டுக் கணினியிலேயே இருக்கும். வேறு எங்கும் பிரதி இருக்காது.

அந்தக் கணினி ஒருநாள் மெதுவாகிறது. படம் திறக்க மறுக்கிறது. திரையில் பிழைச் செய்தி வருகிறது. உடனே நாம் செய்ய நினைப்பது பழுதுபார்ப்பதைத்தான். இணையத்தில் தேடினாலும் முதலில் கிடைப்பது பழுதுபார்க்கும் கட்டளைதான். ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை பிரதி எடுப்பது. ஏன் இந்த வரிசை என்பதை வன்தட்டு வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் புரிந்துகொள்ளலாம்.

வன்தட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஹார்ட் டிஸ்க் என்று நாம் சொல்லும் வன்தட்டுக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. வீட்டுக் கணினிகளில் இவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தட்டைத் தொடாமல் அதற்கு மேலே மிதந்தபடி ஒரு சிறிய காந்த முனை எழுதுகிறது, படிக்கிறது. முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். சுழலும்போது கணினி கீழே விழுந்தாலோ பலமாக ஆடினாலோ முனை தட்டை உரசிவிடலாம்.

தகவல்கள் செக்டர் எனப்படும் சிறு சிறு துண்டுகளில் எழுதப்படுகின்றன. ஒரு துண்டு 512 பைட் என்று கணக்கிட்டால், ஒரு டெராபைட் வன்தட்டில் ஏறத்தாழ 195 கோடி துண்டுகள் உண்டு.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். வன்தட்டை ஒரு ரப்பர் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் உள்ள வட்டத் தடங்கள் நிரைகள். செக்டர்கள் மரங்கள். எந்த நிரையில் எந்த மரம் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதை ஆபீசில் கிராணி ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் படம் எந்தெந்தச் செக்டர்களில் இருக்கிறது என்று விண்டோஸ் எழுதி வைத்திருப்பதும் இப்படிப்பட்ட பதிவேடுதான்.

இரண்டு வகைப் பிழைகள்

முதல் வகை, பதிவேட்டில் வரும் பிழை. கிராணி கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தால் பாதி வரி எழுதியபடியே நிற்கும். மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கணக்கு மட்டும் குழம்பிவிட்டது. கணினி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும், பென்டிரைவைச் சட்டென்று பிடுங்கினாலும் இதுதான் நடக்கிறது. இந்தப் பிழையை மென்பொருளால் சரிசெய்ய முடியும்.

இரண்டாவது வகை, மரமே பட்டுப்போவது. தட்டின் ஒரு பகுதி கெட்டுவிட்டால் அங்கே எழுதியதைப் படிக்க முடியாது. பட்டுப்போன மரத்துக்கு உயிர் கொடுக்க எந்தக் கட்டளையாலும் முடியாது. 'இந்த மரம் வேண்டாம்' என்று குறித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். இதற்காக ஒவ்வொரு வன்தட்டிலும் சில மாற்றுச் செக்டர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன. கெட்ட செக்டருக்குப் பதில் அவை தாமாகவே பயன்பாட்டுக்கு வரும். ஆனால் கெட்ட இடத்தில் ஏற்கெனவே இருந்த தகவல் போனது போனதுதான்.

ஒரு மரம் பட்டால் நோய் பக்கத்து மரத்துக்கும் பரவியிருக்கலாம் என்று தோட்டத்தில் சந்தேகப்படுவோம். வன்தட்டிலும் அந்தச் சந்தேகம் நியாயமானது. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. சோதனையில் முதல் பிழை தோன்றிய வன்தட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை இல்லாத வன்தட்டைவிட 39 மடங்கு அதிகமாக இருந்தது. ஆகவே ஒரு பிழை தெரிந்தால் அவகாசம் குறைவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

கோப்பைத் திறக்கும்போது கணினி நீண்ட நேரம் உறைந்து நிற்பது, நேற்று திறந்த படம் இன்று பாதி சாம்பல் நிறமாகத் தெரிவது, கோப்புகளின் பெயர்கள் விசித்திரமான எழுத்துகளாக மாறுவது, அடிக்கடி நீலத் திரை வருவது, கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 'டிஸ்க் சோதனை' தானாக ஓடுவது ஆகியவை பொதுவான அறிகுறிகள்.

'டிக், டிக்' என்று ஒரே சீராகத் தட்டும் சத்தமோ உரசும் சத்தமோ கேட்டால் நிலைமை வேறு. அது இயந்திரப் பகுதி கெட்டுவிட்டதற்கான அடையாளம். உடனே கணினியை அணைத்துவிடுங்கள். 'இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று ஒவ்வொரு முறை முயலும்போதும் முனை தட்டை மேலும் கீறக்கூடும். குளிர்பெட்டியில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாம் மிச்சம் இருப்பதையும் கெடுத்துவிடும். ஒரு தூசு உள்ளே போனாலே போதும்.

முதல் வேலை: பிரதி

சத்தம் எதுவும் இல்லை, கணினி மெதுவாகவாவது ஓடுகிறது என்றால் உடனே பிரதி எடுக்கத் தொடங்குங்கள். வெளியே இணைக்கும் வன்தட்டு ஒன்றோ, போதிய இடமுள்ள பென்டிரைவோ வேண்டும். இணையச் சந்தைகளில் மிகக் குறைந்த விலைக்கு '2 டெராபைட் பென்டிரைவ்' என்று விற்கப்படும் பொருள்களில் போலிகள் உண்டு. அதிக இடம் இருப்பதாகக் காட்டும், ஆனால் எழுதியது உள்ளே இருக்காது. தெரிந்த கடையில், ரசீதோடு வாங்குங்கள்.

எதை முதலில் எடுப்பது என்பதில் கவனம் தேவை. மறுபடி கிடைக்காததுதான் முதலில்: குடும்பப் படங்கள், பெரியவர்களின் குரல் பதிவு, ஆலயப் பதிவேடு, பிள்ளைகளின் பள்ளி வேலைகள். சினிமாவையும் விளையாட்டையும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸையும் மறுபடி ஏற்றலாம். அவற்றுக்காகச் சாகப்போகும் வன்தட்டை ஓட வைக்க வேண்டாம்.

முழு வன்தட்டையும் ஒரே இழுப்பில் இழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு கோப்புறையாக எடுங்கள். ஒன்று நின்றுவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், கடைசியில் திரும்பி வரலாம். முடிந்ததும் அந்தப் பிரதியை வேறொரு கணினியில் இணைத்து, நாலைந்து படங்களையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

விண்டோஸ் திறக்கவே இல்லை என்றாலும் படங்கள் போய்விட்டன என்று பொருளில்லை. வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி உறையில் வைத்து வேறு கணினியில் இணைத்துப் பார்க்கலாம். அப்போது 'இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கலாம். 'கேன்சல்' என்பதை அழுத்துங்கள். ஃபார்மட் செய்வது பதிவேட்டையே எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதற்குச் சமம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். வேறு கணினியில் அதைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே அந்தக் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் இப்போதே எழுதி வையுங்கள்.

வன்தட்டின் உடல்நலம்

பிரதி கையில் வந்த பிறகு நோயைக் கண்டறியலாம். வன்தட்டு தன் நிலையைத் தானே குறித்து வைக்கும். இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்களில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எளிமையானது. நல்ல நிலை என்றால் நீலம், கவனம் தேவை என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு என்று காட்டும்.

நிறத்தோடு நிறுத்தாமல், அட்டவணையில் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்ற வரி, எத்தனை கெட்ட செக்டர்களுக்கு மாற்று கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டும். சி5 என்ற வரி, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். சி6 என்பது சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றின் கடைசிக் கட்டத்திலும் பூஜ்யம் இருப்பதே நல்லது. பூஜ்யம் இல்லாமல், வாரத்துக்கு வாரம் எண் ஏறிக்கொண்டே போனால் புதிய வன்தட்டு வாங்குவதுதான் வழி.

நான்காவது சி7. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து இது மட்டும் ஏறினால், குற்றவாளி பெரும்பாலும் வன்தட்டு அல்ல, அதை இணைக்கும் கேபிள்தான். மேசைக் கணினியில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில ரிங்கிட்டில் முடியும் வேலைக்குப் புதிய வன்தட்டு வாங்க வேண்டாம்.

நீலம் என்று காட்டினாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மேலே சொன்ன கூகுள் ஆய்வில், செயலிழந்த வன்தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் எச்சரிக்கை எதையும் காட்டாமலேயே செயலிழந்தன.

பிழையைச் சரிசெய்யும் முறை

இப்போதுதான் பழுதுபார்ப்பு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் முதலில் எளிய வழியைப் பாருங்கள். 'திஸ் பிசி' என்பதைத் திறந்து, 'சி' டிரைவின் மேல் வலது பக்கப் பொத்தானை அழுத்தி, 'புரோப்பர்ட்டீஸ்', பிறகு 'டூல்ஸ்', பிறகு 'செக்' என்று போங்கள். சோதனை தேவையில்லை என்று சொன்னாலும் 'ஸ்கேன் டிரைவ்' என்பதை அழுத்தலாம். சோதனை நடக்கும்போதே கணினியைப் பயன்படுத்தலாம்.

அங்கே பிழை இருப்பதாகக் காட்டினால் செக்டிஸ்க் என்ற கட்டளை உதவும். தேடும் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். வரும் கறுப்புப் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புத் திரை திறக்கும். அதில் சி, எச், கே, டி, எஸ், கே என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதி, ஓர் இடம் விட்டு, சி என்ற எழுத்தும் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி உள்ள குறியும் போடுங்கள். மறுபடி ஓர் இடம் விட்டு, கேள்விக்குறி இருக்கும் விசையிலுள்ள சாய்கோட்டையும் எஃப் என்ற எழுத்தையும் சேர்த்து எழுதி 'என்டர்' அழுத்துங்கள்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருப்பதால் இப்போது முடியாது, அடுத்த முறை திறக்கும்போது செய்யட்டுமா என்று கேட்கும். ஒய் என்ற எழுத்தை அழுத்தி, என்டர் தட்டி, கணினியை மறுபடி திறங்கள். இந்த எஃப், பதிவேட்டுப் பிழைகளை மட்டும் திருத்தும்.

எஃபுக்குப் பதில் ஆர் என்று போட்டால் எஃப் செய்வதோடு, ஒவ்வொரு செக்டரையும் படித்துப் பார்த்துக் கெட்டவற்றை ஒதுக்கும். ஒரு டெராபைட் வன்தட்டுக்கு இது பல மணி நேரம் பிடிக்கும். பழைய யூஎஸ்பி வழியாக இணைத்திருந்தால் ஓர் இரவு முழுவதும்கூட ஓடலாம். 10 விழுக்காட்டிலோ 27 விழுக்காட்டிலோ நின்றதுபோல் தெரிந்தால் பதறி அணைத்துவிடாதீர்கள். கிராணி பதிவேட்டைத் திருத்தும்போதே விளக்கை அணைப்பதுபோல் ஆகிவிடும். மழை இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் இதைத் தொடங்கவும் வேண்டாம்.

இப்போது வரிசைக்கான காரணம் தெரியும். ஆர் சோதனை 195 கோடி துண்டுகளையும் தட்டி எழுப்புகிறது. நலிந்த வன்தட்டு அந்த ஓட்டத்திலேயே நின்றுவிடலாம். மேலும், செக்டிஸ்கின் கவலை பதிவேடு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதுதான், உங்கள் படம் முழுதாக இருக்க வேண்டும் என்பதல்ல. கணக்கில் ஒட்டாத துண்டுகளை வெட்டி, 'ஃபவுண்ட்' என்று தொடங்கும் கோப்புறையில் பெயரில்லாமல் போட்டுவிடும். வேலை 'வெற்றி' என்று முடிந்திருக்கும், ஆனால் படம் இருக்காது.

முடிவைப் படிப்பது எப்படி?

பிழை எதுவும் இல்லை என்று செய்தி வந்தால் நல்லது. பிழைகள் திருத்தப்பட்டன என்று வந்து, 'பேட் செக்டர்ஸ்' வரியில் பூஜ்யம் இருந்தால், மின்சாரம் போனதால் வந்த கணக்குக் குழப்பமாக இருக்கலாம். கணினியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். அந்த வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தாலோ, அடுத்த வாரமும் புதிய பிழைகள் வந்தாலோ வன்தட்டை மாற்றுங்கள்.

மாற்றும்போது எஸ்எஸ்டி வாங்குவது நல்லது. அதில் சுழலும் தட்டு இல்லை, அதிர்ச்சியைத் தாங்கும், பழைய கணினியும் வேகமாகும். உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் வன்தட்டு ஆலையை 2019 இறுதிக்குள் மூடுவதாக 2018-இல் அறிவித்ததற்கும் இந்த மாற்றமே காரணம். ஆனால் எஸ்எஸ்டி கெடும்போது சத்தம் போடாது. பல நேரங்களில் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் தராமல் அலமாரியில் வைத்தால் தகவல் மங்கவும் கூடும். ஆகவே எஸ்எஸ்டி வாங்கினாலும் பிரதி வேண்டும்.

கடைக்குக் கொண்டு போகும்போது

ஈப்போ யிக் ஃபூங் வளாகம் போன்ற இடங்களில் கணினிக் கடைகள் நிறைய உண்டு. மெதுவான கணினி என்று கொடுத்தால், ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருவது கடைகளில் வழக்கமான வேலை. கணினி வேகமாக ஓடும், படங்கள் இருக்காது. எனவே கொடுக்கும்போதே, 'ஜாங்கான் ஃபார்மட், டேட்டா மாவ் சிம்பான்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதையே ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். என்ன செலவாகும் என்று முன்னதாகவே கேளுங்கள். மாற்றினால் பழைய வன்தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் அடையாள அட்டைப் பிரதியும் வங்கி விவரங்களும் இருக்கலாம்.

சத்தம் போடும் வன்தட்டிலிருந்து தகவலை மீட்பது சாதாரணக் கடை வேலை அல்ல. தூசில்லாத அறையும் தனிக் கருவிகளும் வேண்டும். கட்டணம் ஆயிரக்கணக்கான ரிங்கிட்கூட ஆகலாம், மீட்புக்கு உத்தரவாதமும் இல்லை. பிரதி எடுக்க வாங்கும் ஒரு வன்தட்டின் விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடியும் மின்னலும்

மாலை நேர இடிமழை நமக்குப் பழகியது. வானம் இருண்டால் கணினியை முறையாக அணைத்து, சுவிட்சை மட்டும் அல்லாமல் பிளக்கையும் கழற்றுங்கள். மோடமின் அடாப்டரையும் கழற்றுங்கள். பிரதி வைத்திருக்கும் வன்தட்டை எப்போதும் கணினியில் செருகியே வைக்காதீர்கள். ஒரே மின்னலில் இரண்டும் போய்விடும். மடிக்கணினிக்குப் பேட்டரி இருக்கிறது. மேசைக் கணினிக்கு ஒரு யூபிஎஸ் இருந்தால், மின்சாரம் போன பிறகு முறையாக அணைக்க சில நிமிடங்கள் கிடைக்கும்.

எத்தனை பிரதி வேண்டும்?

கணினித் துறையில் 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வீட்டுக் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ ஒன்று. இணையத்திலும் வைக்கலாம். கூகுள் கணக்கில் 15 கிகாபைட் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் மின்னஞ்சலும் அந்த இடத்தையே பயன்படுத்தும். முக்கியமான சில நூறு படங்களுக்கு அது போதும்.

ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைப்பதன் விலை தமிழர்களுக்குத் தெரியும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறு எங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் சேர்ந்து அழிந்தன. நம் தோட்டங்களின் கதை எழுதப்பட்டதைவிட எழுதப்படாததே அதிகம். அதில் மிச்சம் இருப்பது இந்தப் படங்களும் சில ஆலய, பள்ளிப் பதிவேடுகளும்தான்.

தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ குடும்பம் ஒன்றுகூடும்போது, எஸ்பிஎம் முடித்த பிள்ளை ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். வெளி வன்தட்டில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, படத்தில் இருப்பவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு, கோப்பின் பெயராக எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்த வன்தட்டை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்தனுப்புங்கள்.